காப்பி ருசிக்கும் முறை

காப்பியைக் குடிக்க யாராலும் முடியும். ருசிக்கத்தான் பயிற்சி வேண்டும். 8.25 கிராம் தூளுக்கு 150 மில்லி நீர், சூடு 93 டிகிரி. பாலும் சர்க்கரையும் உண்மையை மறைப்பவை, ஆகவே விலக்கு. நீரை ஊற்றி நான்கு நிமிடம் கழித்து, மேலே கட்டிய தூள் ஏட்டைக் கரண்டியால் விலக்கி முகர வேண்டும். பிறகு ஒரு கரண்டி எடுத்து, அடுத்த அறைக்குக் கேட்கும்படி உறிஞ்ச வேண்டும். பிள்ளைகளுக்கு வீட்டில் அடி வாங்கித் தரும் இந்த ஓசை, இங்கே தேர்ச்சியின் அடையாளம்.

அடுத்தது தீர்ப்பு. எத்தியோப்பியாவின் யிர்காச்செஃப்பில் எலுமிச்சை, பனாமாவின் கெய்ஷாவில் மல்லிகை தென்படவேண்டும். காப்பியின் சுவைகளை வட்டமாக வகைப்படுத்தி 1995இல் வெளிவந்த சுவைச் சக்கரம் இதற்குத் துணை. 2016இல் திருத்திய பதிப்பில் ரப்பர், அட்டை, பெட்ரோலியம் வரை இடம் பெற்றுள்ளன. காப்பி மணக்கிறது என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. நூற்றுக்கு 80 வாங்கினால் காப்பி சிறப்புத் தரம். மதிப்பெண் போட்டதும் துப்பிவிடுவது மரபு.

இந்தோனேசியாவின் கோப்பி லுவாக்கில் இக்கலை உச்சம் தொடுகிறது. அங்கே பழுத்த பழத்தை விழுங்கி ரசிப்பது மரநாய். அது கழித்த கொட்டையைக் கழுவி, வறுத்து, பெருவிலைக்கு வாங்கி, உறிஞ்சி, துப்புவது நிபுணர்.