பின்விளக்குப் பாசி: பேராக் மாநிலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பேராக் என்றால் மலாயில் வெள்ளி. லுமுட் என்றால் பாசி. வெள்ளி என்று பேர் வைத்த மாநிலத்தில் பாசி என்றே ஒரு கடற்கரை ஊர்; அங்கே நாட்டின் கடற்படைத் தளம் வேறு. பாசிக்குப் பீரங்கிக் காவல் போட்ட மாநிலம் வேறெங்கே இருக்கிறது? இந்த வெள்ளியையும் பாசியையும் ஒரு சாண் அகலத்தில் சேர்த்துப் பார்க்க விரும்புவோர், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்துக்கு வந்து, என் பெரியப்பாவின் புரோட்டோன் சாகாவுக்குப் பின்னால் குந்தினால் போதும். இடது பின்விளக்குக்குள் வெள்ளிப் பூச்சு, அதன்மேல் பச்சை.

முன்னோர் செய்த ஆய்வை முதலில் சொல்வது மரபு. இத்துறையில் மூத்தவர் பரணர். குறுந்தொகை 399ஆம் பாட்டில், தலைவனைப் பிரிந்தவள் மேனியில் ஏறும் பசலையை ஊர்க் குளத்துப் பாசியோடு வைத்துப் பார்த்தார். கை பட்ட இடத்தில் விலகும். கையை எடுத்தால் திரும்ப வந்து மூடும். பரணர் காடி ஓட்டியவர் அல்லர். (தோட்டத்தில் ‘கார்’ என்று சொன்னால் ஈப்போக்காரன் வந்துவிட்டான் என்பார்கள்; இங்கே அது காடிதான்.) ஆனாலும் கார் கழுவும் கடைக்காரர்கள் இன்றுவரை ஒப்புக்கொள்ளாத உண்மையை அவர் கண்டு சொல்லிவிட்டார்: பாசிக்குக் காரணம் தொடாமை.

மழைதான் காரணம் என்பது எதிர்க்கட்சி வாதம். அதையும் சோதித்தேன். மலேசியத் தீபகற்பத்திலேயே அதிகம் நனையும் ஊர் தைப்பிங்; ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை. மழை எத்தனை மணிக்கு வரும் என்று அந்தக் காலத்துப் பணக்காரர்கள் அங்கே பந்தயம் கட்டுவார்களாம். அந்த ஊரில் டாக்சி ஓட்டும் என் மச்சானின் விளக்குகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளி பச்சை இல்லை. “என்னா மச்சான், போலீஸ்ல சேந்துட்டியா?” என்று அவன் கேட்டதுதான் மிச்சம்.

பெரியப்பா காடியின் கதை வேறு. பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள். லயத்துக் குடும்பங்கள் தாமான்களுக்கும் கோலாலம்பூருக்கும் போயின. அவருடைய பிள்ளைகளும் போனார்கள். காடி ரம்புத்தான் மரத்தடியில் நின்றது. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு, மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு. மற்ற நாளெல்லாம் நிற்பதே அதன் வேலை. மரத்தின் வடக்குப் பக்கம் பாசி பிடிக்கும் என்பது குளிர்நாட்டார் விதி. நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகைக்குள் இருக்கும் நமக்குச் சூரியன் உச்சந்தலையில்; வடக்கும் தெற்கும் ஒன்றுதான். இங்கே பாசி ரம்புத்தான் பக்கம் பிடிக்கிறது.

ஏன் முன்விளக்கை விட்டுப் பின்விளக்கைப் பிடித்தது? ஆய்வின் சிகரம் இதுதான், பொறுத்துக்கொள்ள வேண்டும். பழைய சாகாவின் முன்விளக்கு வழவழப்பான கண்ணாடி. பாசிக்குக் கால் ஊன்ற இடமில்லை. உள்ளே எரியும் ஹாலோஜன் பல்பு 50, 60 வாட்டில் சூடேற்றி ஈரத்தை விரட்டிவிடும். பின்விளக்கோ பிளாஸ்டிக். அதன் 5 வாட் பல்பு கொசுவைக்கூட விரட்டாது. அதைவிடப் பெரிய சங்கதி நிறம். இலைப்பச்சை விரும்பி உண்பது நீலத்தையும் சிவப்பையும். பச்சை ஒளியைத்தான் அதிகம் திருப்பி அனுப்புகிறது, அதனால்தான் பச்சையாகத் தெரிகிறது. பின்விளக்கின் மூடி வெயிலை வடிகட்டி அந்தச் சிவப்பை மட்டும் உள்ளே விடுகிறது. மூடிய அறை, சொட்டும் ஈரம், பிடித்த சாப்பாடு. பிரேக் லைட் என்று நாம் நினைத்ததைப் பாசி நாற்றங்கால் என்று சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

விளக்கின் ரப்பர் வளையத்தைப் பற்றியும் ஒரு கோட்பாடு வைத்திருந்தேன். 1877இல், பேராக்கின் ஆங்கிலேய ரெசிடென்ட் ஹியூ லோ காலத்தில், கோலகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. அந்த வம்சத்து மரங்களில் முப்பது வருஷம் பால் வெட்டியவர் பெரியப்பா. விளக்கைச் சுற்றிய ரப்பரில் அவர் வெட்டிய பாலும் இருக்கக்கூடும், மரத்துப் பாசி தன் பழைய உறவைத் தேடி வந்திருக்கிறது என்று நாலு பக்கம் எழுதினேன். வொர்க்‌ஷாப்காரர் படித்துப் பார்த்துவிட்டு, “இது ஃபேக்டரியில செய்யிற செயற்கை ரப்பர் தம்பி, மரத்துக்கும் இதுக்கும் ஒட்டுறவு இல்ல” என்றார். நாலு பக்கமும் ரொட்டி சானாய் மடிக்கப் போனது.

இனிச் செய்முறை. முதலில் நோயைப் பிரித்தறிய வேண்டும். மஞ்சளாக மங்கியிருந்தால் அது பாசியல்ல, வெயில் தின்ற பிளாஸ்டிக். புதிய கார்களின் முன்விளக்கில் வருவது அது. நகத்தால் சுரண்டிப் பச்சை வந்தால்தான் நம் ஆள். சவர்க்காரத் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் ரப்பர் இடுக்கோடு தேய்க்க வேண்டும். பிடிவாதக்காரனுக்குத் தண்ணீர் கலந்த வினிகர். குளோராக்ஸ் வேண்டாம், ரப்பர் கெட்டுப்போகும். கம்பி நாரைத் தொடவே கூடாது. அது போடும் கீறலில் அடுத்த பாசிக்கு வீட்டுமனை கிடைக்கும். உள்ளே பிடித்திருந்தால் டிக்கியைத் திறந்து, பல்பைக் கழற்றி, திருகாணிகளை அவிழ்த்து விளக்கையே வெளியே எடுத்துக் கழுவுவதைத் தவிர வழியில்லை. அப்போது அடியில் இருக்கும் சிறு துளையைத் தேடுங்கள். ஈரம் வடிவதற்கென்றே வைத்தது, மண்ணடைத்துக் கிடக்கும். துடைப்பத்து ஈர்க்கு ஒன்று போதும்.

நான் துலக்கியோடு கால் மணி நேரம் போராடியதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, “தள்ளுடா” என்று பக்கத்தில் குந்தினார். விளக்கை இடது கையில் சாய்த்துப் பிடித்து, வலது பெருவிரலை ரப்பர் விளிம்பில் கொடுத்து ஒரே இழுப்பு. வெட்டுக் கோட்டில் காய்ந்த பாலை உரிப்பதுபோல் பாசி நீளமாக, அறுபடாமல் வந்தது. அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். “மழ நாள்ல மரம் பூரா இதான்டா. வெட்டு இருக்காது, சம்பளமும் இருக்காது” என்றார். பிறகு, “காடி ஓடிக்கிட்டே இருந்தா இது ஏன் வருது?” என்றார். என் ஆய்வேட்டின் முடிவுரையை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. நான் இன்னும் எழுதவே இல்லை.

கடைசி மெருகுக்குப் பற்பசை நல்லது. மெல்லிய மங்கலை எடுத்துவிடும். ஒரு விளக்குக்கு ஒரு விரல் நீளம் போதும். ஆய்வு ஆர்வத்தில் நான் முழுக் குழாயையும் பிதுக்கிவிட்டேன். மறுநாள் காலை பெரியப்பா சாகாவைக் கிளப்பி, பிரேக்கை இரண்டு தரம் மிதித்துக் காட்டினார். இரண்டு பக்கமும் சிவப்பு. அப்படியே ஈப்போவுக்குப் போனார், பற்பசை வாங்க.