பிள்ளை வளர்த்த பெருந்தகைக்கு

ருமேனியாவை ஆண்ட நிக்கோலாய் சௌசெஸ்கு அவர்களே, பிள்ளைகள்மேல் தாங்கள் வைத்த ஆசை பெற்றவர்களுக்கும் வராது. 1966 அக்டோபரில் 770ஆம் எண் ஆணையைப் போட்டு ருமேனியாவில் கருக்கலைப்பைத் தடுத்தீர்கள். அடுத்த ஆண்டே பிறப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது. பிள்ளையில்லாதவர்களிடம் வரி வாங்கினீர்கள். பெண்கள் முழுகாமல் இருக்கிறார்களா என்று பார்க்கத் தொழிற்சாலைக்கே மருத்துவரை அனுப்பினீர்கள். மாமியார்கூட இத்தனை அக்கறையாக விசாரிக்கமாட்டாள். கள்ளத்தனமாகக் கருவைக் கலைக்கப்போய் ஆயிரக்கணக்கான தாய்மார் செத்தார்கள். அவர்கள் விட்டுப்போன பிள்ளைகளுக்கும் தங்கள் அரசின் அநாதை இல்லங்களில் கட்டில் இருந்தது. அந்த முன்யோசனை வேறு யாருக்கு வரும்?

எண்பதுகளில் வெளிநாட்டுக் கடனை அடைக்க விளைந்ததையெல்லாம் ஏற்றுமதி செய்தீர்கள். ரொட்டிக்கு வரிசையில் நின்றவள், ஊட்ட வழியில்லாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தங்கள் வாசலுக்கு வந்தாள். தாங்கள் மறுக்கவில்லை. 1989 டிசம்பரில் தங்கள் ஆட்சி கவிழ்ந்தபோது இல்லங்களில் ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு மேல் இருந்தார்கள். பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடுதான் இருந்தார்கள். போரோ கொள்ளைநோயோ இல்லாமல் இத்தனை பேரை அநாதையாக்குவது எளிய காரியமா?

அந்தக் கூடங்களின் ஒழுங்கைச் சொல்லியாக வேண்டும். கைக்குழந்தைகள் வரிசையாகக் கிடந்தும் அழுகுரல் இல்லை என்று போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அழுதாலும் யாரும் வரப்போவதில்லை என்பதைப் பல் முளைக்கும் முன்பே படித்துக்கொண்ட பிள்ளைகள். பால்புட்டியை வாயருகே சாய்த்து வைத்துவிட்டுப் பணியாள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். தூக்கிக் கொஞ்ச ஆளில்லாத குழந்தை, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடி ஆடித் தன்னைத் தானே தாலாட்டிக்கொண்டது. சுயசார்பை இதைவிடச் சின்ன வயதில் யார் கற்றுக்கொடுத்தார்கள்?

மெலிந்த குழந்தைகளுக்குத் தெம்பூட்ட, சோற்றுக்குப் பதில் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் ஏற்றினார்கள். ஒருவருக்குக் குத்திய ஊசியையே சரியாகச் சுத்தம் செய்யாமல் அடுத்தவருக்கும் குத்தினார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. நம் நாட்டில் அந்த நோய் கிடையாது என்று தங்கள் அரசு மறைத்துவிட்டதால், தமக்கு என்ன நோய் என்பதே தெரியாமல் அவர்கள் நிம்மதியாக நோயுற்றார்கள்.

மூன்று வயதானால் பிள்ளைகளைத் தரம் பிரிக்க மருத்துவக் குழு வரும். கோணிய காலும் மாறுகண்ணும்கூட ஒரு குழந்தையைத் 'தேறாதவர்' பட்டியலில் சேர்க்கப் போதும். அவர்களையும் தாங்கள் தெருவில் விடவில்லை. சிகித் என்ற இடத்தில் ஒரு பழைய வேட்டை மாளிகையையே ஒதுக்கினீர்கள்! குளிர் காய வழியில்லை, உடுத்தத் துணியில்லை, ஆனாலும் மாளிகை. 1990இல் ஜெர்மன் தொலைக்காட்சிக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தபோது, சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் அங்கே இறந்திருந்தார்கள். அவர்கள் இறந்துகொண்டிருந்த அதே காலத்தில் தலைநகர் புக்கரெஸ்டில் ஆயிரம் அறைக்கு மேல் வைத்துத் தாங்கள் எழுப்பிக்கொண்டிருந்த கட்டடத்துக்கு 'மக்கள் இல்லம்' என்று பெயர்.

தாங்கள் போன பிறகும் அந்த இல்லங்கள் உடனே மூடப்படவில்லை. 2000இல் அங்கே தொடங்கிய ஓர் ஆய்வு, 136 குழந்தைகளில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பார்த்தது. இரண்டு வயதுக்குள் ஒரு மடி கிடைத்த பிள்ளைகளே நன்றாக மீண்டார்கள். தங்கள் மருத்துவக் குழு வந்து பார்த்தது மூன்றாம் வயதில். நாட்டுக்கே தகப்பனானவருக்கு எத்தனை வேலையிருக்கும், ஓராண்டுதானே பிந்தியது.