துரையின் கார்ட்டும் தொங்கிய தகரமும்

தொழில் ஆலோசகர்கள் விசிட்டிங் கார்ட்டைப் பற்றிப் பாடுவதெல்லாம் ஒரே பாட்டுத்தான். தடிப்பாக இருக்க வேண்டும், எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும், விஷயம் சுருக்கமாக இருக்க வேண்டும், எந்நேரமும் கைவசம் இருக்க வேண்டும், பார்த்தவன் உங்களை எங்கே சேர்ப்பது என்று தடுமாறக் கூடாது. நேற்றுக் கண்டுபிடித்த ஞானம்போல் மேடை போட்டுச் சொல்கிறார்கள். இலங்கை மலைநாட்டு டிக்கோயாக்காரனுக்கு இது பழங்கதை. இந்த ஐந்து இலட்சணமும் பிசகாமல் பொருந்திய கார்ட் ஒன்று எங்கள் மலையில் புழங்கியது. அது தோட்டத்து வெள்ளைக்காரத் துரையுடையது அல்ல. ஆனாலும் துரையை முந்திக்கொண்டு பேசுவது மலைநாட்டு மரியாதைக்கு அடுக்காது. அவரை முதலில் பார்த்துவிடுவோம்.

1870களில் டிக்கோயா பள்ளத்தாக்கு முழுவதும் கோப்பி. மீசை சரியாக முளைக்காத ஸ்கொட்லாந்துப் பையன்கள் கப்பலேறி வந்து சின்னத் துரை ஆனார்கள். அவர்களுக்கென்று கொழும்பு ஃபேர்கசன் கம்பனி ஒரு கையடக்கத் தமிழ்ப் புத்தகமே போட்டது. அதன் பெயர் 'இங்கே வா'. சின்னத் துரைக்குத் தமிழில் எவ்வளவு தேவையோ அவ்வளவையும் தலைப்பிலேயே கொடுத்துவிட்ட நேர்மையான புத்தகம். 'வாருங்கள்' இரண்டாம் பாகத்தில் வரும் என்று யாரும் காத்திருந்ததாகத் தெரியவில்லை.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் 'இங்கே வா' போதும். இன்னொரு வெள்ளைக்காரன் வீட்டுக்குப் போக அது உதவாது, கார்ட் வேண்டும். இங்கிலாந்தில் ஊருக்குப் புதிதாக வந்தவனை ஊரார்தான் முதலில் போய்ப் பார்ப்பார்கள். கிழக்குச் சீமைக்கு வந்த ஆங்கிலேயர் இதைத் தலைகீழாக்கி, வந்தவனே வீடு வீடாக ஏறி இறங்கட்டும் என்று வைத்துவிட்டார்கள். துரைக்கு ஒன்று, துரைசாணிக்கு ஒன்று என்று வைக்க வேண்டும். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட எழுத்தாக இருக்க வேண்டும். பெருவிரலால் தடவும்போது எழுத்து புடைத்துத் தட்டுப்படாவிட்டால் ஆள் மட்டம். வேலைக்காரனிடம் கொடுத்தனுப்பாமல் நேரிலேயே வந்தேன் என்பதற்கு அடையாளமாக ஒரு மூலையை மடிக்க வேண்டும். ஊரைவிட்டுக் கிளம்புகிறவன் அடியில் மூன்று எழுத்து பென்சிலால் எழுத வேண்டும். அது பிரெஞ்சில் விடைபெறுவதன் சுருக்கமாம். ஆங்கிலேயன் கூச்சப்படும் இடத்திலெல்லாம் பிரெஞ்சுதான் பேசுவான்.

இத்தனை சடங்கும் முடிந்தபின் உள்ளே போய் உட்கார்ந்து பேசுவார்கள் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். இந்தியாவில் பங்களா வாசலிலேயே 'வீட்டில் இல்லை' என்று எழுதிய பெட்டியொன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். துரைசாணி உள்ளேதான் இருப்பாள். வந்தவனுக்கும் அது தெரியும், அவனுக்குத் தெரியுமென்று அவளுக்கும் தெரியும். கார்ட் பெட்டிக்குள் விழும், குதிரை திரும்பும். முகத்தைப் பாராமலே அறிமுகம் முடிந்ததாகக் கணக்கு. இன்றைக்கு முகநூலில் நண்பராவதைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

டிக்கோயாவில் இந்த நாகரிகத்தைக் கட்டிக் காப்பது இலேசான காரியமா? தென்மேற்குப் பருவமழை இறங்கினால் இங்கே வாரக்கணக்கில் வானம் வெளுக்காது. குதிரைக்கு முழங்கால் வரை சேறு, துரையின் காலுறைக்குள் அட்டை, சட்டைப் பைக்குள் கார்ட். பங்களா வேலைக்கார அப்பு வெள்ளித் தட்டை நீட்ட, ஈரக் கார்ட் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். செப்புத் தகட்டுப் பெருமையெல்லாம் நனைந்து பிய்ந்து, பையன் பெயரில் பாதி தட்டிலேயே தங்கிவிடும்.

கார்ட் வைக்காமல், நேரம் காலம் பாராமல் எல்லாத் தோட்டத்துக்கும் போய்வந்தவள் ஒருத்திதான். பெயர் எமிலி. 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையின் அடியில் மஞ்சள் பொடியாகத் தெரிந்த பூஞ்சணம் அது. விஞ்ஞானிகள் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். நாக்குச் சுளுக்கிய துரைமார் 'நாசகாரி எமிலி' ஆக்கிக்கொண்டார்கள். பதினைந்து, இருபது வருஷத்தில் அவள் கோப்பித் துரைமாரின் கதையை முடித்துவிட்டாள். தப்பியவர்கள் தேயிலைக்குத் தாவினார்கள். கார்ட்டில் தொழிலைப் போடக் கூடாது, பெயர் மட்டுமே போதும் என்ற ஆங்கிலேய விதியின் அருமை அப்போதுதான் விளங்கியிருக்கும். பழைய கார்ட்டே செல்லுபடியானது.

எமிலியின் காலத்திலேயே இன்னொரு பெண்மணியும் இங்கே வந்தார். ஜூலியா மார்கரெட் கமரன், உலகப் புகழ்பெற்ற படப்பிடிப்பாளர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள். 1875இல் வந்து இறங்கும்போது இரண்டு சவப்பெட்டிகளையும் கையோடு கொண்டுவந்தாராம், உள்ளே பீங்கான் சாமான்களை அடுக்கி. முன்யோசனை என்றால் இதுதான். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கத்து கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார். பொகவந்தலாவை செயின்ட் மேரிஸ் கோவிலில் கல்லறை இருக்கிறது.

அவருடைய காலத்தில் விசிட்டிங் கார்ட்டுக்கு முகமும் முளைத்திருந்தது. பாரிஸில் திஸ்தேரி என்பவர் 1854இல் கார்ட் அளவிலேயே புகைப்படம் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்க, ஐரோப்பாவே அதைச் சேர்த்து அல்பம் போட்டது. கமரன் அம்மையாருக்குப் பெரிய கண்ணாடித் தகடுகள்தான் பிடிக்கும். இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசன், டார்வின், ஹெர்ஷல் எல்லோருக்கும் படத்தோடு பெயரும் நின்றுவிட்டது. இலங்கையில் தோட்டத்துத் தமிழரையும் எடுத்தார். அசையாமல் நின்று, கமராவை நேராகப் பார்த்து, வேண்டிய அளவு கம்பீரமும் காட்டியிருக்கிறார்கள். பெரும்பாலான படங்களில் பெயர்தான் இல்லை. பிறகு வந்த கொழும்பு, கண்டி ஸ்டூடியோக்காரர்கள் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கார்ட்டாகவும் தபாலட்டையாகவும் அச்சடித்து விற்றார்கள். துரையின் பெயர் முகமில்லாமல் ஊர் சுற்றியது. நம் ஆயாக்களின் முகம் பெயரில்லாமல் கடல் தாண்டியது. இரண்டையும் ஒரே கார்ட்டில் போட யாருக்கும் தோன்றவில்லை.

சரி, இலட்சணம் ஐந்தும் பொருந்திய கார்ட்டுக்கு வருவோம். 1901இல் தகரச் சீட்டு முறை வந்தது. சின்ன வட்டத் தகரம். அதில் தோட்டத்தின் பதிவு இலக்கமும் ஆளின் வரிசை இலக்கமும் குத்தியிருக்கும். தோட்டத்திலிருந்து ஆள் சேர்க்கப் போகும் கங்காணி அதை இந்தியாவுக்குக் கொண்டுபோவார். திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமத்தில் ஆள் பிடிபட்டதும் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிடுவார். அப்புறம் ஒரு கவலையும் இல்லை. 1914இல் தனுஷ்கோடி, தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு மண்டபம் முகாம், கப்பல், ரயில் என்று ஒவ்வொரு இடத்திலும் தகரத்தைப் பார்த்தே ஆளை அடுத்த வண்டியில் ஏற்றினார்கள். கட்டணம் தோட்டத்தின் கணக்கில்.

இப்போது ஆலோசகர்களின் பட்டியலை எடுத்துச் சரிபாருங்கள். தடிப்புக்குத் தகரம். மழையில் கரையாது. எழுத்தை இருட்டிலும் தடவிப் படிக்கலாம், செப்புத் தகட்டு அச்செல்லாம் பிச்சை வாங்க வேண்டும். சுருக்கமோ சுருக்கம், பெயரையே விட்டுவிட்டார்கள். வீட்டில் மறந்து வைத்துவிட்டு வரவும் முடியாது. பார்த்த ரயில்காரன் ஆளை எங்கே சேர்ப்பது என்று ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. ஹட்டனில் இறக்கு, டிக்கோயாவுக்கு நடத்து. மேற்படி கார்ட்டின் ஒரே குறை, வைத்திருந்தவனுக்கு அதை யாரிடமும் நீட்டும் வேலை இல்லை என்பதுதான். தோட்டத்துக்கு வந்து செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் ஏறிய பிறகுதான் அவனுக்குப் பேர் விழும், பேர் என்றால் ஒருநாள் கூலி. மத்தியானத்தோடு விரட்டிவிட்டால் அதுவும் அரைப்பேர்.

தகரத்துக்கு முன்பிருந்தே இன்னொரு காகிதம் சந்தையில் ஓடியது. துண்டு. இந்த ஆள் இன்ன தொகை கடன்பட்டிருக்கிறான், அதைக் கட்டினால் இவனை விட்டுவிடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. பெரிய கங்காணி கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு இதோடு பக்கத்துத் தோட்டத்துக்குப் போவார். அங்குள்ள துரைக்கு ஆள் பஞ்சம். கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார், கங்காணிக்கு மேலே கொஞ்சம் முற்பணமும் தருவார். அந்த முற்பணமும் ஆட்களின் பற்றில் ஏறும். அடுத்த மாற்றலில் துண்டு இன்னும் கொழுக்கும். வேறெந்த ஊரில் கடன் பெருகப் பெருக மனிதனுக்கு மவுசு கூடியது? வேலைக்கு ஆளெடுக்கும்போது துரை படித்துப் பார்த்த ஒரே சிபாரிசு, அவன் எவ்வளவு திருப்பித் தர முடியாதவன் என்பது. பகலில் தங்கள் சங்கக் கூட்டத்தில் ஆள் கடத்தலைக் கண்டித்துப் பேசிய துரைமாரே இரவில் கங்காணிமாருக்குத் தூது விட்டார்கள். 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். ஒழித்தபோது அழுதவர் யாரென்று பார்த்தால், கடன்பட்டவன் அல்ல.

துரைமாரின் கார்ட் சடங்கை ஒரேயடியாகக் கவிழ்த்தவர் தஞ்சாவூர்க்காரர் கோ. நடேசய்யர். ஊரில் 'வர்த்தகமித்திரன்' நடத்தியவர், கணக்குப் பதிவியல் எழுதியவர். முறையான கார்ட்டுக்கு எல்லா யோக்கியதையும் உண்டு. ஆனால் தோட்டத்துக்குள் வெளியாள் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு, அதுவும் பத்திரிகைக்காரன் என்றால் கேட்கவே வேண்டாம். அவர் புடவை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு துணி வியாபாரியாகத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குள் போனார். காவல்காரனுக்கு மூட்டையே கார்ட். உள்ளே விற்ற சரக்கு வேறு. 1931இல் அவர் ஹட்டனில் தொழிற்சங்கம் தொடங்கி, 1936இல் அதே ஹட்டனிலிருந்து அரசாங்க சபைக்கும் தெரிவானார். வாசலில் தொங்கும் பெட்டிக்குள் எதையும் போடாமலே டிக்கோயாவில் அவ்வளவு பேரைப் பார்த்துப் பேசியவர் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

இப்போது டிக்கோயாப் பிள்ளைகள் கொழும்பில் கடை, கம்பனி என்று நல்ல தடித்த தாளில் கார்ட் அடித்துத் தருகிறார்கள். பெயர் இருக்கிறது, முதலெழுத்தோடு. ஊர் முகவரி போட்டிருந்தால் கவனித்துப் பாருங்கள். வீட்டு இலக்கம், வீதிப் பெயர் பெரும்பாலும் இருக்காது. தோட்டத்தின் பெயர், பிரிவு, டிக்கோயா, அவ்வளவுதான். லயங்களில் பல இன்னும் அப்படித்தான் கிடக்கின்றன. தபால் தோட்ட ஆப்பிசுக்கு வந்து, அங்கிருந்து யாராவது எடுத்துவந்து கொடுத்தால் உண்டு. நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த மறுநாள் கைக்கு வந்த வீடுகள் எங்கள் பக்கத்தில் ஏராளம். ஆகவே அப்படியொரு கார்ட் உங்களிடம் இருந்தால் கடிதம் போடாதீர்கள். அதிலுள்ள கைபேசி இலக்கத்துக்கு ஒரு அழைப்பு எடுத்துவிடுங்கள்.