ஐந்து புள்ளி, 8192 அழுத்தம்

உங்களுக்கும் இந்த வியாதி இருக்கலாம். வேலை வராது, அதற்கான கருவி மட்டும் வீட்டில் இருக்கும். எங்கள் பரணில் ஒரு கிடார் இருக்கிறது, ஒரு யோகா பாயும் இருக்கிறது. கிடாருக்கு அந்தப் பாய்தான் உறை.

லேட்டஸ்ட் வரவு, ஸ்க்ரோல் சா. தையல் மெஷின் ஊசி மாதிரி மேலும் கீழும் ஓடுகிற மெல்லிய ரம்பம். பலகையைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தால் பூ, மயில், பிள்ளையார் என்று எதை வேண்டுமானாலும் அறுக்கும். மயிலாப்பூர் ஃபிளாட்டின் பால்கனியில் அதை முதன்முதலாக ஓட்டிய அன்று கீழ் வீட்டு மாமா மேலே வந்தார். "ஏம்ப்பா, வீட்டிலேயே பல் கிளினிக் ஆரம்பிச்சுட்டியா?"

திட்டம் எளிமையானது. நவராத்திரிக்குக் கொலுப்படிக்குப் பின்னால் மாட்ட, மரத்தில் ஒரு ஐந்து புள்ளிச் சிக்குக் கோலம். கோலம் எனக்குப் புதிதல்ல. ஜனவரியில் மயிலாப்பூர் விழாவுக்காக வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப் போட்டிக்கு அம்மா போவாள், நானும் கூடவே போவேன். அவள் செருப்புக்குக் காவல் நான்தான்.

டிசைன் போட டிராயிங் டேப்லெட் உதவுமா என்று ஒரு வாரம் தீவிரமாக யோசித்தேன். ரிச்சி தெருக் கடையில் ஒரு பையன், "சார், இந்தப் பேனாவுல 8192 பிரஷர் லெவல்" என்றான். 8192-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. அதற்குக் குறைந்து வாங்கினால் கௌரவக் குறைச்சல் என்று மட்டும் தெரிந்தது.

கோலமும் கம்ப்யூட்டரும் பழைய சிநேகிதர்கள். தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் சகாக்களும் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதி, 1974-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டுவிட்டார்கள். அவர்கள் விட்ட இடத்திலிருந்து நான் தொடர்வதாக நினைத்துக்கொண்டேன். அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

நான் வாங்கியது ஸ்க்ரீன் இல்லாத ரகம். கை டேப்லெட்டில் வரையும், கண் மானிட்டரைப் பார்க்கும். பந்தியில் பாயசம் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே ரசம் சாதம் பிசைவது மாதிரி. பாயசம் வருவதற்குள் நாலு நாள் ஆகிவிட்டது.

பிரிண்ட் எடுத்து, 6 எம்எம் பிளைவுட்டில் ஒட்டி, கோட்டின் மேலேயே அறுத்தேன். சிக்குக் கோலத்தின் கோடு புள்ளிகளை வளைத்து வளைத்துப் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். அரிசி மாவில் அது அழகு. ரம்பத்தில், வளைத்த இடமெல்லாம் தனித்தனியாகக் கழன்று விழும். முடித்தபோது மேசையில் கோகுலாஷ்டமி தட்டை மாதிரி சில துண்டுகள். அம்மா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இது எந்த சுவாமிடா?"

இரண்டாம் முயற்சியில் புத்தி வந்தது. கோட்டையே பட்டையாக விட்டு, நடுவே உள்ளதை அறுத்து எடுப்பது. ஒவ்வொரு உள்வெட்டுக்கும் துளை போட்டு, பிளேடைக் கழற்றி, துளை வழியே கோத்து, மறுபடி முடுக்க வேண்டும். இரண்டு பிளேடு உடைந்தது, மூன்றாவதை நான் மிதித்தேன்.

அப்போதுதான் 8192 வேலையைக் காட்டியது. பேனாவை அழுத்திய இடத்தில் கோடு பட்டையாகவும், கை தளர்ந்த இடத்தில் மயிரிழையாகவும் விழுந்திருந்தது. ஸ்க்ரீனில் பார்க்கப் பெரிய ஓவியர் போட்ட மாதிரி இருந்தது. மயிரிழை இருந்த நாலு இடத்திலும் மரம் முறிந்தது. 8192-ல் ரம்பத்துக்குப் புரிந்தது இரண்டே லெவல்: நிற்கும், நிற்காது.

"சரி, புள்ளி எங்கடா?" என்றாள் அம்மா. ஐந்தும் கழிவோடு குப்பைக்கூடைக்குப் போயிருந்தன. தேடி எடுத்து ஃபெவிகாலைத் திறந்த பிறகுதான் கவனித்தேன். புள்ளியைச் சுற்றிக் காற்றுதான் இருக்கிறது. எதில் ஒட்டுவது?

அந்த வாரம் பொம்மை வாங்க வடக்கு மாட வீதிக்குப் போனோம். ஒரு கடையில் கோலம் போடும் தகர அச்சு தொங்கியது. அதில் கோடே கிடையாது; பொடிப்பொடி ஓட்டைகள்தான் கோலம். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே கொஞ்சம் தகரம் விட்டிருக்கிறார்கள், அதனால் எதுவும் கழன்று விழவில்லை. சிறு வயதிலிருந்து அந்தத் தெருவில் நடக்கிறேன். கண் எப்போதும் பஜ்ஜி போடும் பக்கமே இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பால்பாயிண்ட் பேனாவோடு உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷத்தில் கோலம் போட்டு, புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவே குட்டிக் குட்டிக் காம்பும் வைத்தாள். "இங்கெல்லாம் ஒட்டிண்டு இருக்கட்டும்டா, இல்லேன்னா உதிர்ந்துடும்." கார்பன் பேப்பரில் அச்செடுத்து அறுத்தேன். ஒரு புள்ளிகூட விழவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கொலுவுக்கு வந்த எதிர் வீட்டு மாமி அசந்துபோனார். "எவ்வளவு கரெக்டா இருக்கு! அந்த டேப்லெட்ல போட்டதா?"

அம்மா என்னையே பார்த்தாள். "ஆமாம் மாமி, டேப்லெட் மேலதான்" என்றேன். பொய் இல்லை. பேப்பருக்கு அடியில் வைத்துக்கொள்ள வழவழப்பாக ஏதாவது கொடு என்று அம்மா கேட்டபோது, நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.