மெழுகுதிரிப் பிரெஞ்சு, சூம் பிரெஞ்சு

கொழும்புத் தமிழ் வீடுகளில் பிள்ளைகள் என்ன மொழி படிக்கிறார்கள் என்று பார்த்தால் போதும், உலகத்தில் எந்த நாட்டுக் கதவு கொஞ்சம் நீக்கலாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒரு காலத்தில் ஜேர்மன் ஓடியது. இப்போது வெள்ளவத்தையில் பிரெஞ்சின் முறை. சந்தையில் மீன் வாங்க நிற்கும் அம்மாமார், 'உங்கட மகளுக்குக் கலியாணம் சரிவந்திட்டுதோ?' என்று கேட்ட இடத்தில், இப்போது 'பி வன் முடிச்சிட்டாவோ?' என்று கேட்கிறார்கள். பி வன் என்பது மாப்பிள்ளையின் பெயரல்ல, பிரெஞ்சு மொழித் தேர்ச்சியின் ஒரு படி. ஆனாலும் கேட்கிற தொனியில் பெரிய வித்தியாசம் கிடையாது.

பிரெஞ்சுக்கு இதற்கு முன்பும் ஒருமுறை முறை வந்தது. அப்போது படித்தவர்களில் நானும் ஒருவன்.

1996. யாழ்ப்பாணத்து இடப்பெயர்வுக்கு அடுத்த வருடம். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ். அறைக்கு நாலு கட்டில், ஐந்தாவது ஆள் பாயில். அறையில் இருந்த எல்லோருமே 'வெளிநாடு போய்க்கொண்டிருந்தவர்கள்'. அதாவது, கட்டிலில் படுத்திருந்தவர்கள். ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு, பொலிஸ் பதிவுத் துண்டு சட்டைப்பையில் இல்லாமல் கீழ்க் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கவும் ஒருவரும் இறங்குவதில்லை. வெளியே உலாத்தப் பயம், உள்ளே செய்ய வேலை இல்லை. ஆகவே பிரெஞ்சு படித்தோம்.

மாஸ்டர் எங்களோடு அதே மாடியில் இருந்தவர். பாரிஸில் சில காலம் இருந்து, திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி போகக் காத்திருந்தார். பாரிஸ் அவரை வேண்டாமென்று சொன்னதுதான் எங்கள் கண்ணில் அவருடைய தகுதிச் சான்றிதழ். அவர் பிரெஞ்சைக் காதால் படித்தவர், எழுத்துக்கூட்டத் தெரியாது. அதனால் பாடம் முழுக்கத் தமிழ் எழுத்தில் நடந்தது. ஒற்றைக் கோடு போட்ட அப்பியாசக் கொப்பியில் இடப்பக்கம் இடத்தின் பெயர்: ஏர்போட், பொலிஸ், கடை, ஆஸ்பத்திரி. வலப்பக்கம் அங்கே சொல்லவேண்டிய வசனம். 'ஜு சுவி தமூல்.' 'ஜு நு பார்ல் பா பிரான்சே.' பிந்தியது, எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்பது. அதைப் பிழையில்லாமல் சொல்லப் பழகுவதற்குத்தான் நாங்கள் ஆகக்கூடிய நேரம் செலவழித்தோம்.

எண்கள் வந்தபோது வகுப்பு தடுமாறியது. எழுபது என்றால் அறுபதும் பத்தும், தொண்ணூறு என்றால் நாலு இருபதும் பத்தும் என்று மாஸ்டர் சொன்னார். பாயில் இருந்த பெடியன் கொப்பியை மூடினான். "அண்ணை, நான் அங்கை அறுபது பிராங்குக்கு மேலை செலவழிக்கமாட்டன். அடுத்த பாடத்துக்குப் போங்கோ."

அந்த வருடம் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு. மெழுகுதிரியைச் சுற்றி ஐந்தாறு பேர் குந்தியிருந்து மூக்கால் கதைத்துப் பழகினோம். வெளியே வீதியில் போகிறவர்களுக்கு அது ஏதோ ஜெபக்கூட்டம் என்றே பட்டிருக்கும். கொட்டாஞ்சேனையில் அதற்குக் குறைவில்லை.

அதே கொழும்பில், கறுவாத்தோட்டத்துப் பார்ன்ஸ் பிளேஸில், அலியான்ஸ் பிரான்சேஸ் இருந்தது. 1883இல் பாரிஸில் தொடங்கிய அமைப்பின் கிளை. முறையான ஆசிரியர், முறையான புத்தகம், நூலகம். எங்கள் லொட்ஜில் இருந்து ஒருவரும் அங்கே போனதில்லை. வழியில் சோதனைச்சாவடி என்பது ஒரு காரணம். மற்றது, அங்கே படித்தவர்கள் பிரான்ஸுக்கு வீஸா எடுத்துப் போகிறவர்கள். அவர்களுடைய பிரெஞ்சு வேறு சாதி, எங்களுடையது வேறு.

எங்களை வெளிநாட்டுக்கு அனுப்பக் காசு வாங்கியிருந்த ஏஜென்சிக்காரர் ஒருநாள் வந்து எங்கள் கொப்பிகளைப் பார்த்துப் பதறிப்போனார். "தம்பியவை, பிளேனுக்குள்ளை ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது. தலைமாத்தின பாஸ்போட்டிலை இருக்கிறவன் மலேசியாக்காரன். மலேசியாக்காரன் பிரெஞ்சு கதைப்பானே?" இரவிரவாக மூக்கால் பழகிய மொழியை வழி முழுக்க வாய்க்குள்ளேயே வைத்திருக்கச் சொல்லி உத்தரவு.

போய்ச் சேர்ந்தவர்களுக்கும் அது பெரிதாகப் பயன்படவில்லை. அகதி விண்ணப்பங்களைப் பார்க்கிற ஒஃப்ரா அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். கேட்டதெல்லாம் திகதிகள்: எப்போது பிடித்தார்கள், எப்போது விட்டார்கள், எப்போது ஊரைவிட்டு வெளிக்கிட்டாய். அதற்குப் பிறகு லாச்சப்பல். பாரிஸின் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தமிழ்க் கடைகள், தமிழ்ப் பத்திரிகை, 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் கோயில், அதன் தேர், தேருக்கு முன்னால் வீதியில் உடைபடும் தேங்காய். வேலை, உணவகக் குசினியில் கோப்பை கழுவுவது. கோப்பை எந்த மொழியிலும் கழுவப்படும். 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய 'தீபன்' படத்தில் நாயகனாக நடித்தவர், அகதியாகப் பாரிஸ் போன எழுத்தாளர் ஷோபாசக்தி. பிரெஞ்சுக்காரர் எடுத்த பிரெஞ்சுப் படம், ஆனால் பேசுவது பெரும்பாலும் தமிழ். பிரெஞ்சுக் கலாசாரத்துக்கு எங்கள் தலைமுறை செய்த ஆகப் பெரிய தொண்டு தமிழில் நடந்தது.

நான் போகவில்லை. எங்கள் அறைக்கு வந்துபோனவர்களில் முதலில் வெளிநாடு போய்ச் சேர்ந்தவர் ஏஜென்சிக்காரர்தான். எங்கள் காசும் அவரோடேயே போனது.

பிற்காலத்தில் யோசித்துப் பார்த்தால், கொட்டாஞ்சேனைக்குப் பிரெஞ்சு ஒன்றும் புதிதல்ல. மார்செய் ஆயர் மசனோட் தொடங்கிய அமலமரித் தியாகிகள் சபையினர் 1847இல் இலங்கைக்கு வந்தார்கள். நல்லாயன் கன்னியர் பிரான்ஸின் ஆன்ஜே நகரில் தோன்றிய சபையினர், அவர்கள் 1869இல் கொட்டாஞ்சேனையில் மடம் அமைத்தார்கள். கொழும்பின் முதல் பேராயராக 1886இல் பொறுப்பேற்ற பொன்ஜீன் ஆண்டகையும் பிரெஞ்சுக்காரர். கோயம்புத்தூரிலும் யாழ்ப்பாணத்திலும் பணிசெய்து, தமிழில் தேர்ந்து, இந்த மண்ணிலேயே கண்மூடியவர். சாந்த லூசியா பேராலயத்துக் கோபுரத்தின் கீழ் இரண்டு படிப்புகள் நடந்திருக்கின்றன. அவர்கள் தமிழ் படித்தது இங்கேயே இருப்பதற்கு. நாங்கள் பிரெஞ்சு படித்தது இங்கே இராமல் விடுவதற்கு.

இனி இப்போதைய கதை.

கொட்டாஞ்சேனையில் 155ஆம் இலக்க பஸ் ஏறினால் வெள்ளவத்தையில் இறங்கலாம். எங்கள் குடும்பமும் அந்த வழியாகத்தான் முன்னேறியது. தங்கச்சி வீடு கடற்கரைப் பக்கம், அடுக்குமாடியில். அவளுடைய மகள், என் மருமகள், வெளிநாட்டு உயர்நிலைப் பள்ளிப் பாடமாகப் பிரெஞ்சை ஒன்லைனில் படிக்கிறாள். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது பழகிய சூம், 2022இல் நாடே ஓடப் பார்த்த நேரத்தில் பிரெஞ்சு வகுப்பாகியது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. நான் மெழுகுதிரியில் படித்த மொழியை அவள் பவர்பாங்க்கில் படித்தாள். இரண்டு தலைமுறைக்கும் பிரெஞ்சு அறிமுகமானது இருட்டில்தான்.

வீட்டிலிருந்து படிப்பதைப் பிரெஞ்சுக்காரரும் யுத்தகாலத்தில்தான் பழகினார்கள். 1939இல் போர் மூண்டபோது, பள்ளிக்குப் போகமுடியாத பிள்ளைகளுக்காக அவர்களுடைய அரசு அஞ்சல்வழிப் பள்ளி தொடங்கியது. அது இன்றும் சி.என்.இ.டி. என்ற பெயரில் இணையத்தில் நடக்கிறது. எங்கள் யுத்தத்தில் தபால் வந்தாலே பெரிய காரியம்.

பின்னேரத்தில் அவள் வகுப்பைப் பக்கத்தில் இருந்து பார்ப்பேன். காதில் ஹெட்செட், மடியில் தலையணை, அதன்மேல் லப்டொப். திரையில் ஒரு வசனம் வரும். அவள் வாசிக்க, மென்பொருள் கேட்டுவிட்டு எந்த அசை பிழை என்று சிவப்பில் காட்டும். கரையோர ரயில் வரும் சத்தம் கேட்டால் மைக்கை அணைத்து, கடைசிப் பெட்டி போனதும் திறப்பாள். ஆசிரியைக்கு இந்த ஊரில் ரயில் ஓடுவதே தெரியாது. மருமகளின் 'ர' தொண்டையில் இருந்து வருகிறது. எங்கள் மாஸ்டரின் 'ர' பருத்தித்துறையில் இருந்து வந்தது.

பாடங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. பனிச்சறுக்கு விடுமுறை, பாட்டியின் தோட்டம், உணவகத்தில் சூப் ஆறிவிட்டது என்று முறைப்பாடு. எங்கள் கொப்பியில் 'என் தம்பியைக் காணவில்லை' என்று ஒரு வசனம் இருந்தது. அவளுடைய பயிற்சியில் 'என் பூனையைக் காணவில்லை'. வினைச்சொல் ஒன்றுதான்.

"மாமா, நீங்களும் பிரெஞ்சு படிச்சனீங்களாம், அம்மா சொன்னவா. எந்த லெவல்?"

"ஏர்போட் லெவல்," என்றேன்.

அவள் படிப்பது பிரான்ஸுக்காக அல்ல. கனடாவுக்காக. கணக்கு இப்படி. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளி முறையில், பிரெஞ்சின் நான்கு திறன்களிலும் ஏழாம் படியைத் தொட்டு, ஆங்கிலமும் ஓரளவு இருந்தால் மேலதிகமாக 50 புள்ளி. 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனிச் சுற்றும் விடுகிறார்கள். 2024 பெப்ரவரியில் பொதுச் சுற்றுக்கு 500ஐத் தாண்டிய புள்ளி வேண்டியிருந்தது. அதே மாதக் கடைசியில் பிரெஞ்சுச் சுற்றில் 336 போதுமாயிருந்தது. இந்த இலக்கங்கள் தங்கச்சிக்கு மனப்பாடம். மகள் இன்னும் ஏ.எல். முடிக்கவில்லை. பிறகு பட்டம், பிறகு வேலை அனுபவம், அதன் பிறகுதான் விண்ணப்பம். அதுவரைக்கும் பிரெஞ்சைப் பழுதாகாமல் வைத்திருக்க வேண்டும், சீதனக் காணி மாதிரி.

இதில் ருசியான பகுதி என்னவென்றால், எக்ஸ்பிரஸ் என்ட்ரி கியூபெக்குக்குப் பொருந்தாது. பிரெஞ்சு கதைக்கிற மாகாணம் தன் ஆட்களைத் தானே தெரிந்தெடுக்கிறது. ஆகவே பிரெஞ்சு படித்ததற்காகக் கிடைக்கிற இந்த அழைப்பு, பிரெஞ்சு அவ்வளவாகக் கதைக்காத இடங்களில் போய் இருப்பதற்கு. எங்கள் வீட்டுக் கணக்கில் அந்த இடம் ஸ்காபரோ. அங்கே கொத்துரொட்டி வாங்கவும் தமிழ் போதும்.

ஸ்காபரோவில் எங்கள் அக்காவின் மகன் இருக்கிறான். அது இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் நாலாம் வகுப்பில் இருந்து பிரெஞ்சு கட்டாயம், உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடம் எடுத்தால் போதும். ஒன்பதாம் வகுப்பு முடிந்த அன்றே அவன் புத்தகத்தை மூடிவிட்டான். 'அங்கிள், அதாலை என்ன யூஸ்?' என்று என்னிடமே கேட்டான். ஆக, ஸ்காபரோவில் இருப்பவன் பிரெஞ்சை விட்டுவிட்டான். ஸ்காபரோவுக்குப் போக வேண்டியவள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். குடும்பத்தில் பிரெஞ்சின் மொத்த அளவு மாறவில்லை.

பாயில் இருந்த பெடியன் நினைவிருக்கும். அவன் போய்ச் சேர்ந்தான். கோப்பையில் தொடங்கி, இப்போது பாரிஸில் ஒரு குசினியில் பெரிய சமையல்காரன். பத்து வருட வதிவிட கார்ட்டைப் புதுப்பித்துப் புதுப்பித்து, பிரஜாவுரிமையைப் 'பிறகு பாப்பம்' என்று தள்ளிக்கொண்டே வந்தான். பிரான்ஸ் தன் குடிவரவுச் சட்டத்தை 2024 ஜனவரியில் இறுக்கியது. 2026 ஜனவரி முதலாம் திகதியில் இருந்து பிரஜாவுரிமைக்கு பி வன் காணாது, பி டூ வேண்டும். டெல்ஃப் சோதனையில் பி டூ என்றால் ஒரு விடயத்தைப் பற்றி 250 சொல்லில் வாதம் எழுத வேண்டும். அவனுக்கு வாதம் செய்யத் தெரியும். இறைச்சிக்காரனோடும் முதலாளியோடும் செய்த வாதங்கள் ஒஃப்ரா வரைக்கும் கேட்டிருக்கும். எழுதத் தெரியாது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தையில் இருந்து பாரிஸுக்குப் பிரெஞ்சு வகுப்பு நடக்கிறது. ஆசிரியை என் மருமகள்.

"மச்சான், உன்ரை மருமகள் ஆண்பால் பெண்பால் எண்டு என்னை வறுத்தெடுக்கிறாள்," என்று அவன் எனக்கு எடுத்துச் சொல்கிறான். "முப்பது வருசமா மேசையை ஆம்பிளையாத்தான் கூப்பிட்டனான். மேசை ஒண்டும் சொல்லேல்லை."

அவளுக்கும் அவனைப் பற்றி முறைப்பாடு உண்டு. "மாமா, அவர் கதைக்கிற வேகத்துக்கு எனக்கு அரைவாசி விளங்கேல்லை. புத்தகத்திலை இல்லாத சொல்லெல்லாம் சொல்லுறார். அர்த்தம் கேட்டால் சிரிக்கிறார்."

அவளுக்குப் பிழையில்லாத பிரெஞ்சு வரும், கதைக்க ஆளில்லை. அவனுக்குக் கதைக்க ஊர் முழுக்க ஆள், பிழையில்லாமல் வராது. இருவரும் சேர்ந்தால் ஒரு முழுப் பிரெஞ்சுக்காரன் தேறுவான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன கிழமை தங்கச்சி போன் எடுத்து, உடனே வரச்சொன்னாள். போனேன். மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். விசாரித்ததில், பிள்ளைக்குப் பிரெஞ்சு பிடித்துப்போய்விட்டது. புள்ளிக்காக இல்லை, சும்மாவே பிடித்துப்போய்விட்டது. ஏ.எல். முடிய பிரெஞ்சையே பட்டப் படிப்பாகப் படிக்கப்போகிறாளாம், கதைகள் வாசிக்கப்போகிறாளாம், அவற்றைத் தமிழில் கொண்டுவரப்போகிறாளாம். எங்கே என்று கேட்டேன். களனிப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடம் இருக்கிறதாம்.

தங்கச்சி தலையில் கைவைத்தாள். "அண்ணை, நாங்கள் இவளைப் பிரெஞ்சு படிக்க விட்டது பிரெஞ்சு படிக்கிறதுக்கே?"

நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்து, எங்கள் ஆட்களில் இதுவரைக்கும் ஒருவரும் அதற்காகப் படித்ததில்லை. நான் மருமகளின் பக்கம் பேசினேன். களனிக்கு வீஸா தேவையில்லை, ஏஜென்சி தேவையில்லை, பஸ்ஸிலேயே போகலாம், வழியில் வாய் திறந்தும் கதைக்கலாம் என்றேன். தங்கச்சிக்கு அது ஆறுதலாகப் படவில்லை. லொட்ஜில் இருந்து எங்கும் போகாமல் விட்ட ஆளிடம் ஆலோசனை கேட்டதற்குத் தன்னைச் சொல்லவேண்டும் என்றுவிட்டு, தேத்தண்ணி வைக்க எழும்பிப் போனாள்.