மொட்டை மாடிக் காற்றாலை

கேள்வி: மொட்டை மாடியில் சின்னக் காற்றாலை வைத்து, ஈ.பி. இணைப்பையே துண்டித்துவிடலாம் என்கிறான் என் மகன். நடக்குமா?
(வாசகர், அம்பத்தூர்)

பதில்: வீடு பலத்த காற்று வீசும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருந்தால் யோசிக்கலாம். காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒரு மீட்டர் விட்டமுள்ள சுழலியில் நொடிக்கு 4 மீட்டர் காற்று வீசினால் தேறுவது சுமார் 10 வாட், ஒரு எல்.இ.டி. பல்புக்குச் சரி. பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட் கணக்கு, கொடியில் காயும் வேட்டி அடுத்த தெருவுக்குப் பறக்கும் நாளுக்கானது. போதாக்குறைக்கு, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மோதிக் குழம்பி வரும் காற்றில் பாதி நேரம் திசை தேடியே காற்றாலை களைத்துவிடும். பேசாமல் சோலார் போடுங்கள்.

'ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமே, இது சுற்றாதா?' என்பான் பையன். சுற்றும். மீதிப் பதினொரு மாதமும் அந்த அம்மியில்தான் அரைக்க வேண்டியிருக்கும்!