விராலின் பிதுர் தர்மம்: ஒரு முன்னுரைக்கான முன்னுரை

நன்னீர் மீன்களில் தகப்பன் என்றொரு பதவி உண்டா என்ற வினாவை அறிவுலகம் இதுவரை ஆரணியாற்றங்கரையில் நின்று எழுப்பியதில்லை (காண்க: அடியேன், 'எழுப்பப்படாத வினாக்கள்', எழுதப்படாதது, ப. 1). அக்குறையை நீக்க, சித்தூர், திருப்பதி வட்டாரத்து மீன்களை இவ்வாய்வு வகைப்படுத்துகிறது.

கட்லா, ரோகு: தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, ஆற்று வெள்ளத்தில் முட்டையை விட்டதோடு சரி. குளத்தில் அதுவும் நடக்காது என்பதால், 1957 ஜூலை 10 அன்று மீனியல் அறிஞர் ஹீராலால் சௌதுரி ஒடிசாவில் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியில் ஏற்றி முட்டையிட வைத்துக் காட்டியது முதல் ஊசிதான் குலதெய்வம்.

ஜிலேபி: 1952இல் இந்தியாவுக்கு வந்தது. ஆண் குழி தோண்டும். பெண் அதில் முட்டையிட்டு, வாயில் அள்ளிக்கொண்டு போய்ப் பட்டினி கிடந்து காக்கும். ஆண் குழியைச் செப்பனிட்டு அடுத்தவளுக்குக் காத்திருக்கும். மேலும் விவரிக்க ஆய்வாளரின் குடும்பச் சூழல் இடம் தரவில்லை.

ஓடைகளில் வாழும் சின்னக் கொரவையில் முட்டையை வாயில் வைத்துக் காப்பவர் தகப்பன். அந்நாட்களில் அவரால் வாயாடவே முடியாது. இப்பண்பு பிற இனத்து ஆண்களுக்கும் பரவ வேண்டும் (தனிப்பட்ட தகவல்: என் மனைவி, சமையலறை, பலமுறை திருத்தி விரிவாக்கிய பதிப்பு).

இனி விரால், தெலுங்கில் கொர்ரமீனு. ஏரி ஓரத்துப் புல்லை விலக்கி ஓரடி அகலத்துக்கு இடம் ஒதுக்குகிறது. மஞ்சள் முட்டைகள் மேலே மிதக்கின்றன. ஓரிரு நாளில் பொரிந்து, பிறகு செங்காவிக் குஞ்சுகளாகத் திரண்டு திரிகின்றன. காற்றுக் குடிக்க அவை மேலே வரும்போது, அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுந்தாற்போல் தண்ணீர் சிலிர்க்கும். அடியில் தகப்பன். தாயும் கூட இருப்பதுண்டு. தவளை வந்தாலும் பாய்கிறார், கொக்கியில் கட்டிய பொய்த்தவளை வந்தாலும் பாய்கிறார். தூண்டில்காரருக்கு இது தெரியும். குஞ்சுத் திரளின் நடுவிலேயே போடுகிறார். பசியில் சிக்கிய விராலையும் பாசத்தில் சிக்கிய விராலையும் குழம்பில் பிரித்தறிய இயலாது (அடியேன், மேற்படி நூலின் மறுப்புரைக்கு எழுதிய பதிலுரை, தொகுதி 3, பின்னிணைப்பு ஈ; இருந்த ஒரே பிரதியைக் கரையான் முழுமையாக மேற்கோள் காட்டிவிட்டது).

களவு ஆண்கள் பற்றியும் சொல்ல வேண்டும். வட அமெரிக்காவின் புளூகில் மீனில், ஒருவர் கட்டிக் காக்கும் கூட்டுக்குள் பொடி ஆண் ஒன்று கடைசி நொடியில் நுழைந்து தன் வித்தைச் சேர்த்துவிட்டு ஓடிவிடும், வளர்ப்பவர் கூட்டுக்காரர். நம் ஆய்வுலகில் நுழைகிறவர் பொடி அல்ல. மூன்று வருடம் அடைகாத்தவர் மாணவர். அச்சுக்குப் போகும் நாளில் முகப்பில் ஏறும் முதற்பெயர் நெறியாளருடையது. ஓடவும் மாட்டார், பதவி உயர்வுக்கு அங்கேயே இருப்பார்.

இவ்வட்டாரத் தெய்வ மீனையும் விட்டுவிட முடியாது: நாகலாபுரம் வேதநாராயண சுவாமி கோயிலில் பெருமாள் மச்சாவதாரக் கோலத்தில் நிற்கிறார். அம்மீன் காத்தது குஞ்சுகளை அல்ல, வேதங்களை. ஆகவே இதைத் தந்தைப் பேணல் என்பதா, நூலகப் பணி என்பதா? கருத்தரங்கு கூட்டினால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிவாகிவிடும்.

அதற்குள் ஒரு விண்ணப்பம். மழை பெய்து ஏரியில் செங்குஞ்சுத் திரள் தெரிந்தால் அங்கே தூண்டில் போடாதீர்கள். குழம்புக்குக் கட்லா வாங்குங்கள். அதன் குஞ்சுகள் அப்பனைத் தேடுவதில்லை.